அத்தியாயம் 7: சொல்லிச் செய்த மீன்தொட்டி கசிந்தால்

கடையில் தயாராக இருக்கும் மீன்தொட்டி பழுதானால் அதே அளவில் இன்னொன்றைக் கேட்டு வாங்கலாம். அளவு சொல்லிச் செய்த தொட்டிக்கு அந்த வசதி இல்லை. உங்கள் கூடத்துச் சுவருக்கும் தூணுக்கும் இடையில் பொருந்தும்படி, கொளத்தூரிலோ வேறு பகுதியிலோ ஒரு பட்டறையில் ஒரே ஒரு தடவை வெட்டி ஒட்டிய பொருள் அது. அது கசிந்தால் மீன், தரை, கீழ்வீட்டுக் கூரை, கொடுத்த பணம் எல்லாம் ஒரே நேரத்தில் சிக்கலில் விழும்.

பெசன்ட் நகரில் இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. கடற்காற்றில் உள்ள உப்பு இரும்பு ஸ்டாண்டைச் சீக்கிரம் அரிக்கிறது. பழைய அடுக்ககங்களில் தளம் எல்லா இடத்திலும் மட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தொட்டி கசிந்ததும் பட்டறைக்காரர் கைகாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எது உண்மை என்பதைக் காட்டப்போவது தொட்டியைக் காலி செய்வதற்கு முன் நீங்கள் எடுத்த படங்களும், ஆர்டர் கொடுத்தபோது எழுதி வாங்கிய அளவுகளும்தான். அதனால் இந்த அத்தியாயத்தில் சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இங்கே தரும் கணக்குகளுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். முழுக்க நிரப்பினால் சுமார் 340 லிட்டர், அதாவது 340 கிலோ தண்ணீர். கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் அரை டன்னை நெருங்கும்.

1. முதல் ஒரு மணி நேரம்

1. மின்சாரத்தை நிறுத்துங்கள். ஈரக்கையோடு பிளக்கைப் பிடுங்காதீர்கள். மின்பலகையில் அந்த அறைக்கான எம்.சி.பி.யை இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணையுங்கள். பிறகுதான் தண்ணீர் கிடக்கும் தரையில் கால் வையுங்கள்.

2. ஆட்களை விலக்குங்கள். கண்ணாடியில் விரிசல் தெரிந்தாலோ, முன்பக்கம் வெளியே புடைத்திருந்தாலோ தொட்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்கவோ குனியவோ கூடாது. நாம் எடுத்துக்கொண்ட அளவில் முன் கண்ணாடியை மட்டும் சுமார் 225 கிலோ விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும்.

3. இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். ஒட்டில் கசிவு மட்டும் இருந்து, கண்ணாடி முழுதாக இருந்தால்தான் இது. விரிசல் இருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

4. நீர்மட்டத்தை இறக்குங்கள். ஹோஸ் குழாயில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைக் குளியலறையிலும் விட்டால் தானாக இறங்கும். மட்டம் பாதியானால் கண்ணாடியின் மேலுள்ள விசை கால்பங்காகக் குறைந்துவிடும். ஆகவே முதல் பாதியை இறக்குவதில்தான் அவசரம். ஹீட்டர் வைத்திருந்தால், மின்சாரம் நின்று 15 நிமிடம் கழிந்த பின்பே அது நீருக்கு வெளியே தெரியலாம். சூடாக வெளியே வந்தால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கும்.

5. மீன்களை மாற்றுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் டிரம் அல்லது பெரிய டப் எடுத்து, தொட்டியின் தண்ணீரையே ஊற்றி, அதில் மீன்களை விடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் போடுங்கள். மீன் துள்ளி வெளியே விழும். வலையாலோ மெல்லிய துணியாலோ மூடுங்கள். சண்டைக்கார மீன்களைத் தனியாக வையுங்கள். அன்றைக்கு இரை வேண்டாம்.

6. ஃபில்டர் பஞ்சைக் காப்பாற்றுங்கள். பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் வாழும் பாக்டீரியாதான் மீன் கழிவின் நஞ்சை முறிக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அதைக் கொன்றுவிடும். பஞ்சையும் வளையங்களையும் தொட்டித் தண்ணீரிலேயே ஊறவிட்டு, மீன் இருக்கும் டப்பிலேயே போடுங்கள்.

7. கீழ்வீட்டில் சொல்லுங்கள். தண்ணீர் தெரிவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்வது மரியாதை. அவர்களும் மின்விசிறி, விளக்கு இணைப்புகளை அணைத்துவைக்க நேரம் கிடைக்கும். அடுக்ககச் சங்கத்துக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்.

கவனம்: கசியும் இடத்தில் வெளியே இருந்து எம்-சீல், டேப், சிலிக்கான் எதையும் பூசாதீர்கள். நீர் உள்ளிருந்து தள்ளும்போது வெளிப்பூச்சு நிற்காது. "நீங்களே கைவைத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று பட்டறைக்காரர் சொல்லவும் அது இடம் கொடுக்கும்.

2. ஆதாரம்: தொட்டி இருக்கும் இடத்திலேயே

2022 டிசம்பர் 16 அன்று பெர்லின் நகர ஹோட்டல் ஒன்றில் இருந்த ‘அக்வாடோம்’ என்ற பிரம்மாண்ட அக்ரிலிக் தொட்டி உடைந்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் கொட்டியது; ஏறத்தாழ 1,500 மீன்களில் பெரும்பாலானவை செத்தன. நிபுணர்கள் துண்டுகளைச் சேர்த்து ஆராய்ந்தும், இதுதான் காரணம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை வசதி உள்ள இடத்திலேயே அந்த நிலை என்றால், உங்கள் வீட்டில் தொட்டியை நகர்த்திய பிறகு காரணத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். தொட்டி நகர்ந்த நொடியில் பாதிச் சாட்சி போய்விடுகிறது.

பாதி நீர் இறங்கி, மீன்கள் பத்திரமான பின், இந்த வரிசையில் படமெடுங்கள்:

1. அறை முழுதும் தெரியும் ஒரு படம். தொட்டி எந்தச் சுவரோரம், எந்த ஸ்டாண்டின் மேல் நிற்கிறது என்பது புரிய வேண்டும்.
2. நான்கு பக்கமும் தனித்தனியாக.
3. கசியும் ஒட்டு, அருகிலிருந்து. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.
4. தொட்டியின் மேல்விளிம்பில் ரசமட்டம் வைத்து, நீளவாக்கில் ஒரு படம், அகலவாக்கில் ஒரு படம். குமிழி தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஸ்டாண்டின் சட்டத்திலும், தரையிலும் அதேபோல்.
5. கண்ணாடியின் கனம். மேல்விளிம்பில் வெர்னியர் காலிபர் வைத்து, எண் தெரியும்படி. நான்கு கண்ணாடிகளையும் அளங்கள். முன்பக்கம் கனமாகவும் பின்பக்கம் மெல்லியதாகவும் போட்டிருக்கலாம்.
6. ஸ்டாண்டின் வெல்டிங் மூலைகள், துரு, அடியில் விரித்த தெர்மோகோல்.
7. நனைந்த மரச்சாமான், ஊறிய சுவர், கீழ்வீட்டுக் கூரை.
8. இறந்த மீன்கள் இருந்தால், அவற்றின் படமும் வாங்கிய பில்லும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மூலப் படங்களைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. எந்தப் போனில் எடுத்தீர்கள், எப்படிச் சேமித்தீர்கள் என்பது அப்போது தேவைப்படும்.

இதோடு பில், கொட்டேஷன், அட்வான்ஸ் அனுப்பிய யு.பி.ஐ. ரசீது, அளவு பேசிய வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேருங்கள்.

3. குறை யாருடையது?

பட்டறைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் உங்களுக்கு இது தெரிய வேண்டும். தப்பு அவருடையது இல்லையென்றால் அவர்மேல் பழிபோடுவது பாவம். தொட்டி ஒட்டுபவர்களில் பலர் இரண்டு மூன்று பேரை வைத்து நடத்தும் சிறு தொழிலாளிகள். தப்பு அவருடையதுதான் என்றால், காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் வாடிக்கையாளரிடம் அவரும் பேச்சைச் சுற்றி வளைக்க மாட்டார்.

முதலில், கசிவுதானா என்று பாருங்கள். ஏசி ஓடிய அறையில் ஜன்னலைத் திறந்தால் சென்னையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் முத்து முத்தாகப் படியும். ஏர் பம்பின் குமிழி தெறித்து விளிம்பு வழியாகவும் நீர் வழியலாம். வெளியே உள்ள ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, ஒட்டுகளின் ஓரமாக டிஷ்யூ பேப்பரை நீளப் பட்டைகளாக ஒட்டுங்கள். தொட்டியின் கீழ்விளிம்பைச் சுற்றிச் செய்தித்தாள் விரியுங்கள். எந்தப் பட்டை முதலில் நனைகிறதோ அங்கிருந்துதான் கசிகிறது. மெதுவான கசிவு பல நாளாக இருந்திருந்தால், போர்வெல் நீரின் உப்பு அந்த ஒட்டின் வெளிப்பக்கம் வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். அது நல்ல சாட்சி, துடைத்துவிடாதீர்கள்.

செய்தவர் பக்கக் குறையின் அடையாளங்கள்

- ஒட்டின் சிலிக்கானுக்குள் வரிசையாகக் காற்றுக் குமிழிகள்.
- சிலிக்கான் கண்ணாடியிலிருந்து தோல்போல முழுசாக உரிந்து வருவது. ஒட்டுவதற்கு முன் கண்ணாடியைச் சரியாகத் துடைக்கவில்லை, அல்லது காலாவதியான சிலிக்கான் போட்டார்கள் என்று பொருள்.
- ஒட்டின் கனம் ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் இல்லவே இல்லாத மாதிரியும் இருப்பது.
- 10 எம்.எம். என்று பேசிவிட்டு வெர்னியரில் 8 காட்டுவது.
- விரிசல், கண்ணாடியின் ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடத்திலிருந்தோ, சம்ப் (அடியில் வைக்கும் ஃபில்டர் தொட்டி) குழாய்க்காகத் துளைத்த ஓட்டையிலிருந்தோ தொடங்குவது.
- 4 அடி நீளம், 2 அடி உயரத் தொட்டிக்கு மேலே குறுக்குப் பட்டையோ ஓரப் பட்டையோ வைக்காமல் 10 எம்.எம். கண்ணாடியில் முடித்திருப்பது. இந்த உயரத்தில் பட்டை இல்லாமல் செய்வதானால் 12 எம்.எம். கேட்பதே பாதுகாப்பு.

உங்கள் பக்கக் குறையின் அடையாளங்கள்

- அடிக்கண்ணாடியின் மூலையிலோ நடுவிலோ தொடங்கும் விரிசல், அதற்குக் கீழே ஒரு கல்லோ வெல்டிங் முண்டோ இருப்பது.
- ரசமட்டம் தரையிலேயே ஒரு பக்கம் சாய்வு காட்டுவது, ஸ்டாண்டின் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருப்பது.
- நட்சத்திரம்போல நாலாபுறமும் சிதறிய விரிசல். அது அடிபட்ட அடையாளம்.
- பாறைகளை மணலில் வைக்காமல் நேராக அடிக்கண்ணாடியில் அடுக்கியிருப்பது.
- பாசி சுரண்டும் பிளேடு ஒட்டின் உட்பக்கச் சிலிக்கானைக் கீறிய தடம்.

ஸ்டாண்ட் தனி ஆளுடையது என்றால்: தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போகும் இடமெல்லாம் தொட்டி அந்தரத்தில் நிற்கிறது. கண்ணாடிக்காரரும் வெல்டிங்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். இருவரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி ஒன்றாகக் காட்டுங்கள். பின்னால் கடிதம் எழுதுவதானாலும் இருவருக்கும் எழுதுங்கள்.

4. பட்டறைக்காரரிடம் பேசுவது

முதல் பேச்சைப் போனில் தொடங்கலாம், ஆனால் அன்றே எழுத்தில் முடியுங்கள். இப்படி ஒரு செய்தி போதும்:

*"வணக்கம் சார். ____ தேதி நீங்கள் செய்து கொடுத்த 4 × 1.5 × 2 அடி தொட்டியில் இடது பின் மூலை ஒட்டில் இன்று காலை முதல் தண்ணீர் கசிகிறது. படமும் வீடியோவும் அனுப்பியிருக்கிறேன். மீன்களை மாற்றிவிட்டோம். பாதித் தண்ணீர் இறக்கியாச்சு. தொட்டியில் நாங்கள் எந்த வேலையும் செய்யவில்லை. நாளை மாலைக்குள் நேரில் வந்து பாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்."*

இதில் குற்றச்சாட்டு இல்லை. என்ன நடந்தது, என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்ற மூன்று மட்டுமே உண்டு. நல்ல தொழில்காரர் இந்தச் செய்திக்கு வந்து நிற்பார். வராதவரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகவும் இதே செய்தி உதவும்.

அவர் வரும்போது வீட்டில் இன்னொருவர் உடனிருக்கட்டும். அவர் பார்த்துச் சொல்வதை அன்றே சுருக்கமாக எழுதி அவருக்கே அனுப்புங்கள்: "இன்று நீங்கள் பார்த்துவிட்டு, ஒட்டில் குமிழி இருப்பதாகச் சொன்னீர்கள்." மறுக்க வேண்டுமானால் அவர் அப்போதே மறுக்கலாம்.

அடிக்கடி கேட்கும் பதில்களும் உங்கள் பதிலும்

- *"கண்ணாடிக்கு கேரண்டியே கிடையாது."* கைதவறி உடைத்தால் அது சரி. பேசிய தரத்தில் இல்லாதது வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரம் குறைந்தாலே அதைக் குறைபாடு என்கிறது.
- *"உங்க தரை மட்டமில்லை சார்."* ரசமட்டப் படங்களைக் காட்டுங்கள். அவரே ரசமட்டம் வைத்துப் பார்க்கட்டும்.
- *"விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு பில்லிலேயே இருக்கே."* குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை அதே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பில்லில் கால அளவு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. பில்லே தராமலிருப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.
- *"தொட்டியை வண்டியில் அனுப்பிடுங்க, பார்த்துக்கிறேன்."* எழுத்து இல்லாமல் அனுப்பாதீர்கள். தொட்டியைப் பெற்றுக்கொண்டேன், இன்ன குறைக்காக, இன்ன தேதிக்குள் திருப்பித் தருவேன் என்று கையெழுத்திட்ட தாள் வேண்டும்.

5. பழுதுபார்ப்பா, புதுத் தொட்டியா, பணமா?

பழுதுபார்க்கலாம், கண்ணாடி நல்ல கனத்தில் இருந்து, ஒரே ஒரு ஒட்டில் மட்டும் கோளாறு என்றால். ஆனால் கசியும் இடத்தில் மட்டும் புதுச் சிலிக்கானைத் தடவுவது பழுதுபார்ப்பு ஆகாது. உலர்ந்த பழைய சிலிக்கானின் மேல் புதியது சரியாக ஒட்டாது. உட்பக்கச் சிலிக்கான் முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்து, கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்து, எல்லா ஓரத்தையும் ஒரே மூச்சில் புதிதாகப் போட வேண்டும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் உள்ள ஒட்டே விட்டிருந்தால், அந்தக் கண்ணாடியைப் பிரித்துத் திரும்ப ஒட்டுவதே வழி.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் மீனுக்கு ஆகாது. மீன்தொட்டிக்கு ஏற்றது என்று குப்பியில் அச்சிட்டதே வேண்டும். சிலிக்கான் மேலிருந்து உள்நோக்கி மெல்ல இறுகும். ஒரு நாளைக்கு 2, 3 எம்.எம். அளவுதான். ஒட்டிய மறுநாளே நீர் நிரப்ப விடாதீர்கள். குறைந்தது 7 நாள் காத்திருக்கச் சொல்லுங்கள்.

புதுத் தொட்டி கேளுங்கள், விரிசல் விழுந்திருந்தாலோ, கண்ணாடி பேசிய கனத்தில் இல்லை என்றாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட ஒட்டில் குமிழி இருந்தாலோ.

பணம் கேளுங்கள், ஒரு தடவை பழுதுபார்த்த பின்னும் கசிந்தால், அல்லது அவர் வேலையில் உங்களுக்கு நம்பிக்கை போய்விட்டால். தொட்டியின் விலையோடு ஸ்டாண்ட், ஏற்றுக்கூலி, நனைந்த பொருள், இறந்த மீன் ஆகியவற்றைத் தனித்தனி வரியாக, பில்லோடு கேளுங்கள். குத்துமதிப்பான மொத்தத் தொகை பேரத்தைத்தான் வளர்க்கும்.

எதற்கு ஒத்துக்கொண்டாலும், "முழு திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் வேலை முடிந்து, நீர்ச்சோதனை தேறிய பிறகே கையெழுத்திடுங்கள்.

6. எழுத்து அறிவிப்பு

ஒரு வாரத்துக்கு மேல் பதில் இழுத்தடித்தால் கடிதம் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை. நீங்களே எழுதி, சேர்ப்பித்த சான்று கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்பலாம். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். கடிதத்தில் இவை இந்த வரிசையில் இருக்கட்டும்:

1. ஆர்டர் கொடுத்த தேதி, பேசிய அளவு, கண்ணாடி கனம், கொடுத்த பணம், டெலிவரி தேதி.
2. குறை தெரிந்த தேதி, என்ன குறை, எந்தப் படத்தில் தெரிகிறது.
3. அவருக்குச் சொன்ன தேதிகள், அவர் சொன்ன பதில்.
4. நீங்கள் கேட்பது: பழுதா, மாற்றா, பணமா. தொகை எவ்வளவு.
5. கெடு. 15 நாள் நியாயமானது.
6. கெடு தாண்டினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன் என்ற ஒரு வரி.

ஒரு பக்கத்தில் முடியுங்கள். திட்டும் வசவும் ஒரு வரிகூட வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளை ஆணையத்தின் உறுப்பினர்கள் படிப்பார்கள்.

7. 1915, அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையம்

முதல் படி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. உங்கள் புகாரைப் பதிந்து சமரசத்துக்கு முயல்வார்கள். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். சென்னையில் 1985 முதல் இயங்கும் சி.ஏ.ஜி. போன்ற நுகர்வோர் அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டாம் படி: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பெசன்ட் நகர்க்காரர்கள் போக வேண்டியது சென்னை தெற்கு ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான அம்சங்கள் இவை:

- பட்டறை எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.
- கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.
- வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.
- 2025 ஜனவரி 1 அன்று தொடங்கிய ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.
- எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள். கூடுதலாக 15 நாள் மட்டுமே. அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது.
- குறையைத் திருத்தவும், மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். தொட்டியால் உங்கள் மற்ற பொருள்களுக்கு வந்த சேதத்துக்குப் பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயமே சட்டத்தில் உண்டு.

கவனிக்க வேண்டிய எல்லைகள்

- குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். சமரசம் பேசிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள்.
- குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இரண்டாம் பகுதியின் படங்கள் இங்கேதான் பேசும்.
- சோதனை தேவைப்பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை நீங்கள் முதலில் கட்ட நேரிடலாம். எனவே வழக்கு முடியும்வரை தொட்டியையும் உரிந்த சிலிக்கான் துண்டுகளையும் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள்.
- உணவகத்துக்கோ கடைக்கோ அழகுக்காகச் செய்த தொட்டி என்றால் வணிக நோக்கம் என்று எதிர்வாதம் வரும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு தொழிலுக்கு விலக்கு உண்டு; அதைப் புகாரிலேயே சொல்லுங்கள்.

புகாரோடு இணைக்க வேண்டியவை: தேதிவாரியாக நடந்தவை எழுதிய புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பில்லும் பணம் கட்டிய சான்றும், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்பிரதி, படங்கள், அனுப்பிய கடிதமும் அஞ்சல் சான்றும், நஷ்டக் கணக்கு. தொடர்பில்லாத ஒரு கண்ணாடிக்காரர் பார்த்து, அளந்து, எழுதிக் கொடுத்த குறிப்பு ஒன்று கிடைத்தால் மனுவுக்கு வலு கூடும்.

8. அடிக்கடி நேரும் தவறுகள்

- பதற்றத்தில் தொட்டியை முழுதும் காலி செய்து, கழுவி, மொட்டைமாடியில் கவிழ்த்துவைப்பது.
- பாக்கிப் பணத்தை நீர்ச்சோதனைக்கு முன்பே கொடுத்துவிடுவது.
- நீர் உள்ள தொட்டியை நான்கு பேர் சேர்ந்து நகர்த்துவது. ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் தூக்கும்போது ஒட்டுகள் முறுக்கிக்கொள்ளும்.
- டப்பில் ஊற்றக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுப்பது. ஆன்டி-குளோரின் சொட்டு கலந்த பிறகே ஊற்றுங்கள்.
- பட்டறைக்காரரின் பெயரைப் போட்டுக் கோபத்தில் பொதுவெளியில் எழுதுவது. பேச்சு அங்கேயே முறியும்; அவதூறு என்று எதிர்ப்புகாரும் வரலாம்.

9. அடுத்த ஆர்டருக்கு ஒரு தாள்

ஒரு வெள்ளைத் தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி இரண்டு பிரதி எடுங்கள்.

1. வெளி அளவு, அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும். "நாலுக்கு ரெண்டு" என்ற வாய்ப்பேச்சில் எது அகலம், எது உயரம் என்பதே குழம்பும்.
2. ஒவ்வொரு கண்ணாடியின் கனம், வகை. டஃபன்டு கண்ணாடியை டஃபன் செய்த பிறகு துளைக்க முடியாது. குழாய் ஓட்டைகளின் இடத்தையும் விட்டத்தையும் முதலிலேயே வரைந்து கொடுங்கள்.
3. மேல் பட்டைகள் உண்டா, எத்தனை.
4. சிலிக்கானின் பெயர்.
5. ஸ்டாண்ட் யார் பொறுப்பு. பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்ட் என்றால் பவுடர் கோட்டிங் அல்லது கால்வனைஸ் செய்தது என்று எழுதுங்கள்.
6. பட்டறையில் 48 மணி நேரம், வீட்டில் 24 மணி நேரம் முழு நீர்ச்சோதனை.
7. ஒட்டுக்கு எத்தனை மாதப் பொறுப்பு, பழுது வந்தால் எத்தனை நாளில் வருவார்.
8. அட்வான்ஸ், டெலிவரியின்போது எவ்வளவு, வீட்டுச் சோதனை தேறியபின் எவ்வளவு. கடைசித் தவணை மொத்தத்தில் நான்கில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

தொட்டி வருவதற்கு முன் இடத்தையும் பாருங்கள். குடியிருப்பு அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற பாரக் கணக்கை இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்கிறது. அரை டன் தொட்டி நிற்கும் ஆறு சதுர அடியில் அதைப்போல நாலு பங்குக்கும் மேல் இறங்கும். தளத்தின் நடுவில் வேண்டாம். பீம் ஓடும் சுவரோரமாக வையுங்கள். 4 அடிக்கு மேற்பட்ட தொட்டி என்றால் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். தொட்டிக்கான மின்பிளக்குக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். வயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறும்படி விடுங்கள். வழியும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

வீட்டுச் சோதனையின்போது மீனோ மணலோ இல்லாமல், முழு உயரத்துக்கு நீர் நிரப்பி, ரசமட்டப் படம் எடுத்துத் தேதியோடு பட்டறைக்காரருக்கு அனுப்புங்கள். "தரை மட்டமில்லை" என்ற பேச்சு பின்னால் வந்தால் பதில் அன்றே தயாராக இருக்கும்.

தரமாகச் செய்பவர் இந்தத் தாளைப் பார்த்துத் தயங்க மாட்டார். அவர் வேலைக்கும் இது பாதுகாப்புத்தான்: நீங்கள் பாறையைப் போட்டு உடைத்துவிட்டு அவரைக் குறை சொல்ல முடியாது. கையெழுத்திட மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆர்டர் கொடுக்காதீர்கள். இருவர் கையெழுத்தும் விழுந்த பிறகே அட்வான்ஸ் கைமாறட்டும்.